ஐந்து வரி, வலமிருந்து இடமாக

பிரசிடென்ட் மேடம் அந்தத் தாளை முதலில் நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு தலைகீழாகத் திருப்பினார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார்.

"என்னம்மா இது? தமிழ்ல எழுதச் சொன்னா உருதுல எழுதி வெச்சிருக்க?"

"தமிழுதானுங்க அது" என்றாள் மைமூன்.

மேஜையைச் சுற்றி ஐந்து பெண்கள் இருந்தோம். நான்கு பேர் சிரித்தார்கள். ஐந்தாவது ஆள் நான். என் முன்னால் மினிட்ஸ் நோட்டு விரித்திருந்தது. வெளியே வண்டிக்காரர் யாரோ பண்ருட்டிப் பலாப்பழத்தை அறுத்துப் போட்டிருந்தார் போலிருக்கிறது, அறை முழுக்க அந்த வாசனை. நான் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன்.

இந்தத் தொடரில் இதுவரை என்னைப் பற்றி நல்லதாகவே எழுதி வந்திருக்கிறேன். குவார்ட்டர்ஸுக்காகச் சண்டை போட்டது, டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடியது என்று எல்லாக் கதையிலும் நான்தான் கெட்டிக்காரி. "உங்களுக்குத் தப்பே நடக்காதா?" என்று ஒரு வாசகி போஸ்ட் கார்டில் கேட்டிருந்தார். நடந்திருக்கிறது அம்மா. ஆனால் அது தப்பா, வெறும் குழப்பமா என்பது எனக்கே இன்றுவரை விளங்கவில்லை. விளங்கிய பிறகு எழுதலாம் என்று இருந்தால் எழுதவே முடியாது போலிருக்கிறது.

தொட்டிலுக்கு அடியில் நான்கு தாள்

எழுபதுகளின் கடைசியாக இருக்கும். எண்பது பிறந்துவிட்டதோ என்னவோ. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நெய்வேலி குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அவருக்கு மைன்ஸில் ஷிப்ட் வேலை. எனக்கு ஓர் ஆபீஸில் ஸ்டெனோ வேலை. மகள் அம்முவுக்கு ஒன்றரை வயது. அவளைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வர யாரும் இல்லை.

அவர் வேலை பார்த்த பக்கம், கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்துகிற லிக்னைட் கரியை வாரிப் போடும் கான்ட்ராக்ட் ஆளாகக் காதர் பாய் இருந்தார். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. அவர் மனைவிதான் மைமூன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், அதனால் எனக்கு மைமூனக்கா. இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்விட்டால் வீட்டில் அவள் மட்டும்தான். காலையில் அம்முவை அங்கே விட்டுவிட்டு ஆபீஸுக்கு ஓடுவேன். மாலையில் போய்த் தூக்கி வருவேன்.

முதல் நாள் மாலை, பால் புட்டி வைத்த பையில் ஒரு சின்னத் தாள் மடித்துக் கிடந்தது. பிரித்தால் அரபி எழுத்து. எனக்குப் புரிந்துவிட்டது. குழந்தைக்குக் கண் படாமல் இருக்க ஏதோ ஓதி எழுதிக் கொடுத்திருக்கிறாள். என்ன நல்ல மனசு என்று நெகிழ்ந்துபோய், அதைக் கண்ணில் ஒற்றித் தொட்டில் துணிக்கு அடியில் வைத்தேன். மறுநாளும் ஒரு தாள் வந்தது. அதையும் வைத்தேன். நாலாம் நாள் தொட்டிலுக்கு அடியில் சரசரவென்று சத்தம் கேட்க ஆரம்பித்ததும், "அக்கா, இன்னும் எத்தனை நாளைக்கு இந்தத் தாளை வைக்கணும்?" என்று அவளிடமே கேட்டேன்.

"எந்தத் தாளு?"

சொன்னேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"யம்மா, அது புள்ள பாலு குடிச்ச சேதிம்மா! எப்போ குடிச்சுது, எப்போ தூங்குச்சு, எத்தினி தபா வெளியப் போச்சுன்னு எழுதி வெச்சேன். நீ வேலையிலேர்ந்து வந்தா கேப்பியேன்னு."

தாளை வாங்கிப் படித்துக் காட்டினாள். வலப்பக்கத்திலிருந்து விரல் நகர நகர, அவள் வாயிலிருந்து சாதாரணத் தமிழ் வந்தது. பத்து மணிக்குப் பால். பதினொன்றுக்குத் தூக்கம். இட்லியைத் துப்பிவிட்டது.

"இது தமிழா?"

"பின்ன எனக்கு வேற என்னா பாஷ தெரியும்?"

அவளுக்குப் பிறந்த ஊர் பரங்கிப்பேட்டை. அங்கே பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத வீட்டில்கூடக் குர்ஆன் ஓத அனுப்பிவிடுவார்களாம். ஓதக் கற்ற எழுத்திலேயே தமிழையும் எழுதிக்கொள்வார்கள். அவள் உம்மா அவளுக்குப் போட்ட கடிதங்கள், அவள் தங்கைக்கு எழுதுகிற பதில்கள், மீன் குழம்புப் பக்குவம் எல்லாம் அந்த எழுத்தில்தான். அரபுத் தமிழ் என்றாள். நாலு தாளில் இட்லி துப்பிய விவரத்தை நான் கண்ணில் ஒற்றிக் காப்பாற்றி வந்ததை அவள் காதர் பாயிடமும் சொல்லிவிட்டாள். அவர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அப்புறம் மைன்ஸ் பூராவும் தெரிந்துவிட்டது.

வாவு பார்த்த இரண்டு வேலை

என் பிள்ளையைப் பற்றிய செய்தியை நானே படிக்க வேண்டும் என்று எனக்கு வீம்பு வந்தது. தினமும் மாலை அம்முவை இடுப்பில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அந்தத் தாளோடு மல்லுக்கு நிற்பேன்.

மெய்யெழுத்துகள் சீக்கிரம் பிடிபட்டன. நம்முடைய ப, ட, ள எல்லாம் அரபியில் இல்லை. இருக்கிற எழுத்துக்குக் கூடக் குறைய புள்ளி வைத்து அவற்றைச் செய்துகொண்டிருந்தார்கள். என்னைக் குழப்பியது உயிர்தான்.

"இதுல ஆ எங்கேக்கா?"

"மேல ஜபர் போட்டு, பக்கத்துல அலிஃப் நிக்குது பாரு. அதான் ஆ."

"அலிஃபுக்குச் சத்தம் என்ன?"

"அதுக்குன்னு ஒண்ணுமில்ல. சும்மா நிக்கும். நின்னா நீட்டணும்."

சரி, அலிஃபை விடுங்கள், பாவம். வாவு என்று ஓர் எழுத்து. அது வ. வந்தாள், வடை, வாசல் எல்லாவற்றுக்கும் அந்த வாவுதான். நன்றாக மனப்பாடம் செய்துகொண்டு போனால், மறுநாள் "தூக்கம்" என்ற சொல்லில் த-வுக்கும் க-வுக்கும் நடுவே அதே வாவு நிற்கிறது. தவ்க்கமா?

"அங்க அது வ இல்லம்மா. ஊ."

"நேத்து வ-ன்னீங்க."

"நேத்து அது வ."

யே என்ற எழுத்தும் அதே கதை. யானையில் அது ய. தீயில் அது ஈ. எங்கே எதுவாக இருக்கிறது என்பதை மேலும் கீழும் போடுகிற ஜேர், ஜபர், பேஷ் என்கிற கீறல்களை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஓ வந்தால் அதற்கும் வாவுதான், கீறல் மட்டும் வேறு. எனக்குத் தலை சுற்றியது. நம் ஊரில் வ என்றால் சாகும்வரை வ.

கடைசியில் எங்கள் ஆபீஸை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். எங்களிடம் ஒரு ஹெட்கிளார்க் இருந்தார். சொந்த ஸீட்டில் உட்கார்ந்தால் அவர் ஹெட்கிளார்க். சூப்பரிண்டெண்ட் லீவு போட்டால் அந்த நாற்காலியில் ஆக்டிங். ஆள் அதே ஆள்தான், சட்டைகூட அதே சட்டை. எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துத்தான் வணக்கம் வைக்க வேண்டும். வாவு ஆக்டிங் பார்க்கிறது என்று சொன்னதும் மைமூனக்காவுக்குப் பிடித்துப்போய்விட்டது. நான் திணறுகிற இடமெல்லாம், "ஆக்டிங்கும்மா, ஆக்டிங்கு" என்று எடுத்துக் கொடுப்பாள்.

எனக்காக அவள் எல்லாக் கீறலையும் தவறாமல் போடுவாள். தங்கைக்கு எழுதிய கடிதத்தை ஒருநாள் பார்த்தேன், ஒரு கீறல்கூட இல்லை. பெரியவர்கள் ஒருவருக்கொருவர் எழுதும்போது போட மாட்டார்களாம். குறில் எல்லாம் காணாமல் போய்விடும். நெடில் மட்டும் அலிஃபாக, வாவாக, யேயாக நிற்கும். படிப்பவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இதில் நான் ஆச்சரியப்பட்டதுதான் வேடிக்கை. நான் ஸ்டெனோ. சுருக்கெழுத்திலும் கோடெல்லாம் மெய்தான். உயிருக்குப் புள்ளி வைக்க வேண்டும். மேலதிகாரி வேகமாகச் சொல்ல ஆரம்பித்தால் எந்த ஸ்டெனோ புள்ளி வைத்துக்கொண்டிருப்பாள்? வெறும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, டைப் அடிக்கும்போது உயிரை நிரப்புவோம். அந்த வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெரியுமே

அந்தக் கோடையில் எங்கள் பிளாக்கில் பெண்கள் சேர்ந்து ஒரு குழந்தைகள் காப்பகம் தொடங்கினார்கள். டைப் அடிக்கத் தெரியும் என்பதற்காக என்னையும் கமிட்டியில் சேர்த்து, மினிட்ஸ் எழுத உட்கார வைத்தார்கள். காப்பகத்துக்கு ஓர் ஆயா வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நோட்டு வைத்து, அன்றன்று என்ன சாப்பிட்டது, எப்படி இருந்தது என்று அம்மாவுக்கு எழுதித் தர வேண்டும். எனவே தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இதைக் கேட்டதுமே எனக்கு மைமூனக்கா முகம்தான் வந்தது. அந்த நோட்டைத்தானே அவள் மாதக்கணக்காக எனக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள்!

அவளுக்கும் அந்த வேலை உயிர் போகிற அவசரத்தில் தேவைப்பட்டது. கான்ட்ராக்டர் மாறியிருந்தார். புதியவர் காதர் பாயின் இருமலைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"பரங்கிப்பேட்டைக்கு வந்துடுன்னு அண்ணன் சொல்லிக்கினு இருக்காரு" என்றாள். "எனக்கும் புள்ளைங்களுக்கும் அங்க எடம் இருக்கு. இவுங்களுக்குத்தான் இல்ல. அண்ணனுக்கும் இவுங்களுக்கும் பேச்சுவார்த்தயே கெடயாது. இவுங்க குள்ளஞ்சாவடில யாரு கடையிலயாவது ஒண்டிக்கணும். பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள எதுனா கெடச்சா இங்கயே இருந்துடுவோம்மா. நாலு பேரும் ஒரு வூட்டுல."

"கெடைக்கும்க்கா. எழுதப் படிக்கத் தெரியுமான்னு கேட்பாங்க. தெரியும்னு சொல்லுங்க."

"தெரியுமே" என்றாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் இருவருக்குமே வேறு எதுவும் தோன்றவில்லை. அவள் எழுதுவது தமிழ். நான் படிப்பது தமிழ். எந்த எழுத்தில் என்கிற கேள்வி அதற்குள் எங்களுக்கு மறந்தே போயிருந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் நான் கமிட்டியிடம் மறைத்தேன். என் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான் என்று சொல்லவில்லை. சொன்னால், தன் ஆளை உள்ளே தள்ளப் பார்க்கிறாள் என்பார்கள். "மந்தாரக்குப்பத்தில் யாரோ ஒரு அம்மா விண்ணப்பம் கொடுத்திருக்காங்க" என்றேன். அவளிடமும், "அங்கே என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கக்கா" என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

மறுபடி அந்த அறை

எல்லாக் கேள்விக்கும் நன்றாகப் பதில் சொன்னாள். கமிட்டியில் ஒருவர் தூக்கி வந்திருந்த கைக்குழந்தை வீறிட்டு அழுதபோது, கேட்காமலே வாங்கித் தோளில் போட்டுத் தட்டி நிறுத்தினாள். பிரசிடென்ட் மேடத்துக்குப் பிடித்துவிட்டது.

"ஒரு குழந்தையை நீ நேத்து பார்த்துக்கிட்டேன்னு வெச்சுக்க. அது என்னென்ன பண்ணுச்சுன்னு அவங்கம்மா படிக்கிற மாதிரி அஞ்சு வரி எழுது பார்ப்போம்."

இரண்டே நிமிடம். தலை நிமிராமல் எழுதி நீட்டினாள். அதைத்தான் மேடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தமிழுன்னா ஏன் எங்க யாருக்கும் புரியலை?" என்று கேட்டார். தாள் கைமாறிக் கைமாறி வந்தது. கமிட்டியில் இருந்த டாக்டரின் மனைவி நியாயமான மனுஷி. "இருங்க மேடம்" என்றார். "இது நிஜமாவே தமிழ்தான்னு யாராவது படிச்சுச் சொல்லிட்டா, நம்ம எழுத்தைக் கத்துக்க ஒரு மாசம் டைம் கொடுத்துடலாம். எழுதத் தெரிஞ்சவளுக்கு எழுத்து மாத்திக்கறது கஷ்டமா?"

"அதுவும் சரிதான்" என்றார் மேடம். "யாருக்காவது படிக்கத் தெரியுதா?"

தாள் என்னிடம் வந்தது.

மைமூனக்கா என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. தினமும் மாலையில் தாளைக் கொடுத்துவிட்டு நான் ஆரம்பிக்கக் காத்திருப்பாளே, அதே பார்வை.

குனிந்து பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அவசரத்தில், பெரியவர்களுக்கு எழுதுகிற மாதிரி எழுதியிருந்தாள். முதல் வரியில் ப, அலிஃப், ல. பால். அது தெரிந்தது. ஆமாம், தெரிந்தது. இரண்டாவது வரியில் ஒரு வாவு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. எண்ணிப் பார்த்தால் அந்த வரியில் மட்டும் நாலு. எது வ, எது ஊ? எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. இன்னொரு பக்கம், படித்தால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே, இவள் உன் ஆளா என்று கேட்பார்களே என்று மனசு அடித்துக்கொண்டது. எது முந்தியது, வாவா, பயமா? இத்தனை வருஷமாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

"தெரியலை மேடம்" என்றேன்.

மைமூனக்காதான் முந்திக்கொண்டு பேசினாள்.

"பரவால்லங்க. ஜேர் ஜபர் போடாம எழுதிட்டேன். எம்மேலதான் தப்பு."

என்னைப் பார்க்காமல், எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். என்னைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவே இல்லை. நான் கேட்டுக்கொண்டபடியே நடந்துகொண்டாள்.

அதன் பிறகு வந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டோம். வேலை முடிந்துவிட்டது. காபி வருவதற்குத் தாமதமானதால் புடவை, பாத்திரம், பம்பு செட் என்று ஏதேதோ பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மினிட்ஸில் நான் எழுதினேன்: "முதல் விண்ணப்பதாரருக்குத் தமிழ் எழுதத் தெரியவில்லை." என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றும் அழகாகத்தான் இருந்தது.

பென்சில்

அந்தத் தாளைக் குப்பைக்கூடையில் போட மனம் வராமல் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் ஞாயிறு. காலையில் முதல் ஷிப்ட் சங்கு ஊதி, அவர் கிளம்பிப் போன பிறகு, அம்மு தூங்குகிற நேரத்தில் பென்சிலோடு சமையலறையில் உட்கார்ந்தேன்.

முதல் வரியில் பால் தெரிந்தது அல்லவா? அதற்கு முன்னால் இருந்ததைப் பார்த்தேன். அலிஃப். பக்கத்தில் ம. அம்மு! அவள் எழுதியது என் பிள்ளையைப் பற்றி. அது தெரிந்ததும் மற்றதெல்லாம் தானாக வந்தது. இரண்டாவது வரியின் நாலு வாவும் மளமளவென்று பிரிந்துகொண்டன. அம்மு அந்த நாட்களில் எதைப் பார்த்தாலும் வா வா என்றுதான் கூப்பிடுவாள். எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு எழுத்துக்கும் மேலும் கீழும் நானே பென்சிலால் கீறல் போட்டேன்.

"அம்மு பால் குடிச்சுது. பூனையப் பாத்து வா வான்னு கூப்பிட்டுது. பகல்ல தூங்கல. அம்மா வர்ற வழியவே பாத்துக்கினு இருந்துச்சு. நல்ல புள்ள."

இவ்வளவுதான் ஐந்து வரி. நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மு எழுந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு மந்தாரக்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் பெட்டியும் மூட்டையும் இருந்தன. காதர் பாய் இருமிக்கொண்டே கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மைமூனக்கா அம்முவைக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். தாளை நீட்டினேன்.

"படிச்சிட்டேன்க்கா."

அவள் என் பென்சில் கீறல்களைப் பார்த்தாள். ஒரு இடத்தில் விரலை வைத்து நின்றாள். ஏதோ தப்பாகப் போட்டிருப்பேன். அதைத் திருத்தாமல் மேலே படித்தாள்.

"நீயேவா? யாரும் சொல்லித் தராமயா?"

"ம்."

"எம்மாம் நேரம் ஆச்சு?"

"பத்து நிமிஷம்."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "இங்க பாருங்களேன்" என்று காதர் பாயைக் கூப்பிட்டாள். "தங்கச்சி ஜேர் ஜபர் இல்லாம படிச்சிருக்கு! பத்தே நிமிஷத்துல! எனக்கெல்லாம் இது வர ஒரு வருஷம் ஆச்சு."

குத்திக்காட்டினாளா என்று அந்த முகத்தைப் பல தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். இல்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். என்னிடம் மன்னிப்புக் கேட்க வார்த்தை வருவதற்குள் தாளை மடித்து என் கையில் வைத்துவிட்டாள்.

"வெச்சுக்க. உம் புள்ளயப் பத்திதான."

அவர்கள் சாமானோடு பஸ் ஏறும்வரை நின்றேன். குள்ளஞ்சாவடியில் காதர் பாய் இறங்கிக்கொள்வார், மற்ற மூவரும் மேலே போவார்கள் என்று தெரியும். மூட்டையைக்கூட இரண்டாகத்தான் கட்டியிருந்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மு ஜன்னலைப் பார்த்து வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். நான் பத்து நிமிடத்தை நினைத்துக்கொண்டு வந்தேன். முந்தின நாள் அந்த அறையில் காபிக்காக நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தது கால் மணி நேரம்.